பெண் வழக்குரைஞர்களுக்குத் தனிச் சங்கம் எதற்கு?

மாநில பார் கவுன்சில்களில் பெண்களுக்கு 30 விழுக்காடு பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்று 2025 டிசம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. தேர்தல் நடைமுறை தொடங்காத மாநிலங்களில் 20 விழுக்காடு இடங்களைத் தேர்தல் மூலமும், எஞ்சிய 10 விழுக்காட்டை நியமன முறையிலும் நிரப்பலாம் என்பது அந்த உத்தரவின் சாரம். பெரிய மாநிலங்களின் பார் கவுன்சிலில் 25 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது 1961-ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டம். அதன்படி பார்த்தால், தேர்தல் வழியே மட்டும் ஐந்து பெண்கள் அந்த அவைக்குள் செல்ல வழி பிறந்திருக்கிறது.

இந்தியப் பெண்கள் சட்டத் தொழிலுக்குள் நுழைய இசைவளித்த சட்டம் 1923-இல் வந்தது. அத்தொழிலை நெறிப்படுத்தும் அவையில் அவர்களுக்கு உறுதியான இடம் கிடைக்க அதன்பின் 102 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நுழைவுக்கும் இருக்கைக்கும் நடுவே ஏன் இத்தனை தொலைவு? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் சட்டங்களின் வரலாற்றோடு பெண் வழக்குரைஞர் சங்கங்களின் வரலாற்றையும் படிக்க வேண்டும்.

முதலில் நுழைவின் கதை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., பி.எல். பட்டங்கள் பெற்ற ரெஜினா குகா, 1916-இல் அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் பிளீடராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை நிராகரித்தது. அவருடைய தகுதியில் எவரும் குறை காணவில்லை. 1879-ஆம் ஆண்டின் சட்டத்தில் உள்ள 'நபர்' என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்பதே காரணம். 1921-இல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே விடைதான் கிடைத்தது. அதே ஆண்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம் கொர்னீலியா சொராப்ஜியை வக்கீலாகச் சேர்த்துக்கொண்டது. ஒரே சட்டம் ஓர் ஊரில் கதவை அடைத்தது, இன்னோர் ஊரில் திறந்தது. இந்த முரண்பாட்டுக்கு 1923-ஆம் ஆண்டின் பெண் சட்டத் தொழிலர் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது.

அக்காலத்தில் பெண் வழக்குரைஞர்களுக்கெனச் சங்கம் அமைக்கும் அளவுக்குப் பெண் வழக்குரைஞர்களே இல்லை. 1917-இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கமும், 1927-இல் உருவான அகில இந்திய மாதர் மாநாடும்தான் வாக்குரிமை முதல் குழந்தை மணத் தடை வரை பெண்களின் சட்ட உரிமைகளுக்காகப் பொதுவெளியில் வாதாடின. மதராஸ் உயர்நீதிமன்றத்தில் 1929-இல் ஆனந்தாபாய் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டார். அந்த நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரை அமர்ந்தது 1986-இல். இடைவெளி 57 ஆண்டுகள். அண்டையிலிருந்த திருவிதாங்கூரில் அன்னா சாண்டி 1937-இலேயே முன்சீப் ஆகி, 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார் என்பதை இதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

மேலைநாடுகளிலும் கதை வேறாக இல்லை. அமெரிக்காவில் பொது வழக்குரைஞர் சங்கங்கள் பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1899-இல் நியூயார்க்கில் சில பெண்கள் கூடித் தமக்கென ஒரு மன்றத்தை அமைத்தனர். அதுவே பின்னர் தேசியப் பெண் வழக்குரைஞர்கள் சங்கமாக வளர்ந்தது. 1911 முதல் தனக்கென ஓர் இதழையும் நடத்தியது. அமெரிக்க பார் அசோசியேஷன் பெண்களை உறுப்பினராக்கியது 1918-இல். நியூயார்க் நகர வழக்குரைஞர் சங்கம் அதற்கு 1937 வரை எடுத்துக்கொண்டது. 1944-இல் மெக்சிகோ நகரில் பன்னாட்டுப் பெண் வழக்குரைஞர் கூட்டமைப்பு உருவாயிற்று.

பொருளியல் மாணவன் என்ற முறையில் இச்சங்கங்களின் தேவையை நான் இவ்வாறு புரிந்துகொள்கிறேன். வழக்குரைஞர் தொழிலில் சம்பளப் பட்டியல் கிடையாது. விளம்பரம் செய்யவும் அனுமதி இல்லை. வேலை என்பது அறிமுகத்தின் வழியே வருவது. சீனியரின் அலுவலகம், அவர் கைமாற்றிவிடும் சிறு வழக்குகள், நீதிமன்ற வளாகத்துத் தேநீர்க் கடைப் பேச்சு, மாலை நேரச் சந்திப்புகள் ஆகியவையே அத்தொழிலின் சந்தை. அச்சந்தையின் பெரும்பகுதி ஆண்களின் பழக்க வட்டத்துக்குள் இயங்குகிறது. சட்டம் ஒரு பெண்ணுக்குக் கறுப்பு அங்கியைத் தரலாம், வழக்கைத் தராது. இந்தக் குறையை ஈடுசெய்யும் மாற்று வலைப்பின்னலாகவே பெண் வழக்குரைஞர் சங்கங்கள் தோன்றின. தனித்து நின்றால் 'புகார்க்காரி' என்ற பெயர் வாங்கித்தரும் ஒரு குறையை, சங்கத்தின் பெயரால் சொல்லும்போது அது கோரிக்கையாகிவிடுகிறது.

நம் நாட்டிலும் அத்தகைய அமைப்புகள் உருவாயின. மதராஸ் உயர்நீதிமன்றத்தில் பெண் வழக்குரைஞர்கள் சங்கம் இயங்குகிறது. மாநில அளவில் தமிழ்நாடு பெண் வழக்குரைஞர்கள் கூட்டமைப்பு உள்ளது. அதன் தலைவராகப் பொதுவாழ்வில் அறியப்பட்டவர் கே.சாந்தகுமாரி. தலைநகரில் உச்சநீதிமன்றப் பெண் வழக்குரைஞர்கள் சங்கம் செயல்படுகிறது. உயர்நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்தில் தகுதியுள்ள பெண் வழக்குரைஞர்களைக் கருத வேண்டும் என்று இச்சங்கம் 2021-இல் உச்சநீதிமன்றத்தை அணுகியது. வீட்டுப் பொறுப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் காரணம் காட்டிப் பல பெண்கள் நீதிபதிப் பதவியை ஏற்க மறுப்பதாகத் தலைமை நீதிபதிகள் தெரிவிக்கிறார்கள் என்று அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி எஸ்.ஏ.பாப்டே குறிப்பிட்டது பெரும் விவாதமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று ஒரே நாளில் மூன்று பெண்கள் உச்சநீதிமன்ற நீதிபதிகளாகப் பதவியேற்றனர். கோரிக்கைக்கும் நியமனத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கேள்வியைப் பொதுவெளியில் வைக்க ஓர் அமைப்பு இருந்தது.

எண்களும் இதையே சொல்கின்றன. நாட்டில் பதிவு செய்த வழக்குரைஞர்களில் பெண்கள் சுமார் 15 விழுக்காடு. மாநில பார் கவுன்சில்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோரில் பெண்கள் 2 விழுக்காடு மட்டுமே என்று 2021-இல் தலைமை நீதிபதி என்.வி.ரமணா வருந்தினார். இதற்கு மாறாக, மாவட்ட நீதித்துறையில் பெண் நீதிபதிகளின் பங்கு 36.3 விழுக்காடு என்கிறது உச்சநீதிமன்றம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை. மாவட்ட நீதித்துறைக்குப் பெரும்பாலும் தேர்வு எழுதி வருகிறார்கள். பார் கவுன்சிலுக்குச் செல்வாக்கும் ஆள்பலமும் கொண்டு வருகிறார்கள். தேர்வு இருக்கும் இடத்தில் பெண்கள் முன்னேறுகிறார்கள். வலைப்பின்னல் தீர்மானிக்கும் இடத்தில் பின்தங்குகிறார்கள். திறமைக் குறைவே காரணம் என்ற பழைய வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது.

இத்தனையும் தில்லி, சென்னைச் செய்திகளாயிற்றே, பின்னலாடை நகரமான திருப்பூருக்கு இதில் என்ன என்று வாசகர் கேட்கலாம். எனக்கு இவ்வூரை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தெரியவில்லை.

திருப்பூர் சங்கங்களால் வளர்ந்த ஊர். தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர்கள் சங்கம் 1956-இல் உருவானது. ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-இல் தொடங்கியது. தொழிலாளர் சங்கங்கள் 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய வரலாறும் இங்கே உண்டு. கூலி ஒப்பந்தம் முதல் சாயக்கழிவு வரை எந்தச் சிக்கலையும் அமைப்பாகத் திரண்டே இவ்வூர் எதிர்கொண்டிருக்கிறது. தனியொரு பனியன் கம்பெனியால் முடியாததைச் சங்கம் முடிக்கும் என்பது இங்கே சிறுவர்க்கும் தெரிந்த பாடம்.

இவ்வட்டாரத்து ஆலைகளிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் பெண்களே பெரும் எண்ணிக்கையில் உழைக்கிறார்கள். ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களும் அவர்களில் அடக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பெண்கள் தம் சம்மதத்துடன் இரவுப் பணி செய்ய வழிவகுத்துள்ளன. சம்மதம் மெய்யானதா, பாதுகாப்பு உண்டா என்ற கேள்விகள் இனி வழக்குகளாகும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண் என்பதற்காகவும் தொழிலாளி என்பதற்காகவும் இப்பெண்கள் இரு வகையில் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். உரிமை ஏட்டில் இருக்கிறது. தன் வேதனையைத் தயங்காமல் எடுத்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு பெண் வழக்குரைஞர் கிடைக்கிறாரா என்பதே கேள்வி.

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனமும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம். அதைவிடச் சிறிய நிறுவனங்களுக்காக மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். திருப்பூர் போன்ற ஊரில் இச்சட்டம் பெயரளவில் நின்றுவிடாதிருக்கப் பயிற்சி பெற்ற பெண் வழக்குரைஞர்கள் நூற்றுக்கணக்கில் தேவை.

இங்கே ஒரு விநோதம். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் குழு முறை, வேலை தருபவர், பணியாளர் என்ற உறவு உள்ள இடத்துக்கே பொருந்தும். சக வழக்குரைஞர் மீது ஒரு வழக்குரைஞர் தரும் புகாருக்காக பார் கவுன்சில் அத்தகைய குழுவை அமைக்க வேண்டியதில்லை என்று மும்பை உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்ததும் ஒரு பெண் வழக்குரைஞர் அமைப்புதான். இதற்கு எதிரான முறையீடு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. தொழில் ஒழுக்கக் கேடு என்று பார் கவுன்சிலில் புகார் செய்யும் வழி திறந்தே உள்ளது என்பது உண்மை. ஆனால் அதை விசாரிக்கும் அவையில் பெண்ணே இல்லாத நிலை நெடுங்காலம் நீடித்தது. காலையில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் உள்ளகக் குழுவில் அமர்ந்து தையல் தொழிலாளியின் புகாரை விசாரிக்கும் வழக்குரைஞர், பிற்பகலில் தன் பணியிடத்தில் தனக்கே அப்படியொன்று நேர்ந்தால், அந்தத் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு தனக்கு இல்லை என்பதை உணர்கிறார்.

என்னிடம் பொருளியல் படித்த மாணவி ஒருவர், பின்னர் சட்டம் பயின்று இவ்வட்டாரத்து நீதிமன்றம் ஒன்றில் மூன்றாண்டுகள் பணியாற்றினார். அண்மையில் சந்தித்தபோது ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். "வழக்கு இல்லாம இல்ல சார். என்னைத் தேடி வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்க முடியல" என்றார். சீனியரிடமிருந்து பேருந்துச் செலவுக்கு மேல் அவருக்குக் கிடைத்ததில்லை. குழந்தை பிறந்தபின் அதை விட்டுவர இடமில்லை. அவரிடம் இரண்டாண்டுக் காலம் பொறுமையாகப் பேசிப் பேசி நம்பிக்கை பெற்ற ஆலைப் பெண்கள் சிலர், இப்போது யாரிடம் போவது என்று அவரையே கேட்கிறார்களாம். ஒரு பெண் தொழிலை விட்டு விலகும்போது இழப்பு அவரோடு முடிவதில்லை என்பதை அன்று அறிந்தேன்.

இளம் வழக்குரைஞர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை வழங்க வேண்டும் என்று மதராஸ் உயர்நீதிமன்றம் 2024 ஜூனில் அறிவுறுத்தியது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ.20,000; பிற இடங்களில் ரூ.15,000. கோவைக்கு ஒரு மணிநேரத் தொலைவில் உள்ள திருப்பூர் இரண்டாவது வகையில் வருகிறது. வாடகையும் விலைவாசியும் இவ்வூரில் கோவையை விட எவ்வளவு குறைவு என்பது விவாதத்துக்குரியது. அதைவிட முக்கியம், இத்தொகையை சீனியர்கள் தருகிறார்களா என்று கண்காணிப்பது யார் என்பது. ஜூனியர் ஒருவர் தன் சீனியர் மீது புகார் செய்யமாட்டார். ஒரு சங்கம் கணக்கெடுக்கலாம், கேட்கலாம்.

பெண்களுக்கெனத் தனிச் சங்கம் அமைப்பது வழக்குரைஞர்களின் ஒற்றுமையைப் பிளக்கும் என்றொரு மறுப்பு உண்டு. தனிச் சங்கமே போதும் என்று பெண்கள் ஒதுங்கிவிட்டால், பொதுச் சங்கத்தின் அதிகாரம் பழைய கைகளிலேயே இருந்துவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் வரலாறு காட்டும் வழி வேறு. நியூயார்க்கில் தனி மன்றம் கண்டவர்கள் பொதுச் சங்கத்துக்குள்ளும் சென்றார்கள். தனிச் சங்கம் பயிற்சிக்களம். பொதுச் சங்கம் அதிகாரக்களம். முன்னது இல்லாமல் பின்னதில் ஒதுக்கீடு மட்டும் வந்தால், செல்வாக்குள்ளவர்களின் குடும்பத்துப் பெண்கள் அவ்விடங்களை நிரப்பிவிட்டுப் போவார்கள். உள்ளாட்சி இடஒதுக்கீட்டின் தொடக்க ஆண்டுகளில் இதை நாம் கண்டிருக்கிறோம். நியமன வழியே நிரப்பப்படும் 10 விழுக்காட்டு இடங்களுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும்.

ஆகவே செய்ய வேண்டியவை மாவட்ட நீதிமன்றங்களில் இருக்கின்றன. முதலாவது, பெண் வழக்குரைஞர் அமைப்புகள் சென்னையைத் தாண்டி மாவட்டம்தோறும், வட்ட நீதிமன்றங்கள் வரை உயிருள்ள கிளைகளைக் காண வேண்டும். இரண்டாவது, மாவட்ட வழக்குரைஞர் சங்கங்களும் தம் நிர்வாகக் குழுவில் மூன்றிலொரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும். உச்சநீதிமன்ற வழக்குரைஞர் சங்கத்தில் 2024 மே மாதமே அந்த ஏற்பாடு உத்தரவிடப்பட்டது. மூன்றாவது, கழிப்பறை, ஓய்வறை, குழந்தைக் காப்பகம். நாட்டின் மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையே இல்லை என்றது 2023 அறிக்கை. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதற்கென விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. அவை நிறைவேறினவா என்று உள்ளூரில் ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும். நான்காவது, திருப்பூரின் தொழில் அமைப்புகள் உள்ளகக் குழுக்களின் வெளி உறுப்பினர் பொறுப்புக்கு உள்ளூர்ப் பெண் வழக்குரைஞர்களைப் பயிற்றுவித்து, உரிய மதிப்பூதியத்துடன் அமர்த்தலாம். வெளிநாட்டு வணிகர்கள் தொழிலாளர் நலனைத் துருவிப் பார்க்கும் இக்காலத்தில் அது தொழிலுக்கும் நல்லது.

1916-இல் 'நபர்' என்ற ஒரு சொல்லுக்குள் இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார் ரெஜினா குகா. இன்று அச்சொல்லின் பொருளைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் வாய்ப்பும் வசதியும் துணையும் இன்றி ஓர் இளம் பெண் வழக்குரைஞர் மூன்றாண்டுகளில் நீதிமன்றத்தை விட்டு வெளியேறுவாரானால், அவரைத் திருப்பி அனுப்ப எந்தத் தீர்ப்பும் தேவைப்படவில்லை என்றே பொருள். பார் கவுன்சிலுக்குள் செல்லவிருக்கும் பெண்கள் முதலில் கணக்கெடுக்க வேண்டியது, இவ்வாறு ஓசையின்றி வெளியேறியவர்களை.