பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுக்காதீங்க!



பத்தாவது, பன்னிரண்டாவது வந்தாச்சுன்னா பல பள்ளிக்கூடங்கள்ல முதல்ல காணாமப் போறது பி.டி. பீரியட். அடுத்தது ஓவியம். 'போர்ஷன் முடியல'ன்னு கணக்கு வாத்தியார் வந்து நிப்பார். பெத்தவங்களும் சந்தோஷமா தலையாட்டுவாங்க.

2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. 40 பேர் உள்ள வகுப்புல மூணு பேர்!

இதுக்கு ஆட்சியாளர்கள் கையில இருக்கும் ஒரே பதில் 'கவுன்சிலிங்'. வேண்டாம்னு சொல்லல. ஆனா பதினஞ்சு வயசுப் பையனைத் தனி ரூமுக்குக் கூப்பிட்டு, எதிர்ல நாற்காலி போட்டு, "உனக்கு என்னப்பா பிரச்சினை?"ன்னு கேட்டா என்ன சொல்வான்? "ஒண்ணுமில்ல சார்." வெளியே வந்தா கூட்டாளிங்க கிண்டல் வேற.

அதே பையனைக் கேரம் போர்டு முன்னாடி உட்கார வைங்க. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்ல, காயைப் பார்த்தாப் போதும். நாலாவது வாரமோ அஞ்சாவது வாரமோ, அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவை அடிக்கிறதை ஸ்ட்ரைக்கரைத் தள்ளிக்கிட்டே சொல்லிடுவான். பொம்மலாட்டம் நடத்துற பொண்ணு, தன் வாயால சொல்ல முடியாததைப் பொம்மை வாயால சொல்லுவா.

குழுவா உட்கார்ந்து விளையாடி, வரைஞ்சு, நடிச்சு மனசை ஆத்துற முறை இதுதான். எட்டுப் பத்துப் பேர் போதும். வாரம் ஒரு நாள், அதே இடம், அதே முகங்கள். மார்க் கிடையாது. பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. இங்க பேசினதை வெளியே போய்க் கேலி பண்ணக் கூடாதுங்கிற விதியைப் பிள்ளைகளே போட்டுக்கணும். தோத்தாலும் அடுத்த ஆட்டம் இருக்குன்னு உடம்புக்குப் புரியறது இங்கதான். 'எனக்கு மட்டும்தான் இப்படி'ன்னு நினைச்சவன், பக்கத்துல இருக்கிறவனுக்கும் அதேதான்னு தெரிஞ்சுக்கறதும் இங்கதான்.

வெளிநாட்டுக் கதைன்னு யாரும் தள்ளிட வேண்டாம். தமிழ் மண்ணிலேயே நடந்திருக்கு. ஈழத்தில் போர் நடந்துகிட்டு இருந்தப்பவே, 1996-ல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி பூங்கா தொடங்கப்பட்டது. போரில் சொந்தங்களை இழந்த, வன்முறையைக் கண்ணால பார்த்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒண்ணா வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். பெரியவங்க ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமா பார்த்த காலத்தில் நடந்தது இது. அங்க முடிஞ்சது இங்க, மின்விசிறியும் மைதானமும் இருக்கிற பள்ளிகள்ல முடியாதா?

ஆள் எங்கேன்னு கேட்பாங்க. ஆள் இருக்காங்க! 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, தையல், உடற்கல்வின்னு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் தொகுப்பூதியத்துல எடுத்தாங்க. பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கா தெருவுல உட்கார்ந்தது அவங்கதான். பிள்ளைகளோட மனசுக்குப் பக்கத்துல நிக்கக்கூடியவங்களைத்தான் அரசு ஓரத்துல நிக்க வைச்சது. முழுநேர வேலையும் முறையான பயிற்சியும் கொடுங்க, வாரம் ரெண்டு பீரியட் அவங்க குழுவை நடத்தட்டும்.

ஒண்ணை மட்டும் தெளிவா சொல்லிடறோம். விளையாட்டு மருத்துவருக்கு மாற்று இல்லை. தன்னைத்தானே காயப்படுத்திக்கிற பிள்ளை, பாலியல் கொடுமையைச் சொல்ற பிள்ளை, இவங்க விஷயத்தைக் குழுவோட நிறுத்தக் கூடாது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர், குழந்தைகள் உதவி எண் 1098 இதெல்லாம் அங்கிருந்து ஒரே போன்ல இணையணும். நடத்துற ஆசிரியருக்கு முதல்ல சொல்லித்தர வேண்டிய பாடமே அதுதான்.

பொம்பளப் பிள்ளைகளை மறந்துடாதீங்க. வயசுக்கு வந்ததும் மைதானம் அவங்களுக்கு மூடிடுது. பள்ளி நேரத்துக்குள்ளேயே குழு நடக்கணும்னு நாம அழுத்திச் சொல்றது அதனாலதான். சாயங்காலம் வைச்சா அவங்க வர மாட்டாங்க, வர விடவும் மாட்டாங்க.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்கு உங்க ஊர்ல பெற்றோரா இருக்கிற தோழர்கள் கட்டாயம் போங்க. விளையாட்டு, ஓவிய வகுப்புகளை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது, வாரம் ஒரு குழு நேரம் வேணும்னு ரெண்டு வரியில தீர்மானம் எழுதிக் கொடுங்க. பதிவேட்டுல ஏறினதைப் படம் எடுத்துக் கமெண்ட்ல போடுங்க.

மனசு கனமா இருக்கிற யாரும், எந்த நேரமும், 14416-க்கு இலவசமா அழைக்கலாம். தமிழ்லயே பேசுவாங்க.