கொடுத்தார் சரி, யாரிடம் எடுத்தார்?

தென்மாவட்டத்து டீக்கடை எதிலாவது உட்கார்ந்து, அந்தக் காலத்துத் திருடர்களைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் யாராவது ஒருவர் தம் கொள்ளுத்தாத்தாவை இறக்குவார். பெரிய கை அவர். கன்னம் வைத்தால் நாய்கூடக் குரைக்காது. போலீஸே அவர் பேரைக் கேட்டால் நடுங்கும். இவ்வளவும் சொல்லிவிட்டு, கேட்பவர் முகம் சுளிப்பதற்குள் அந்த வசனம் வந்து விழும்: "ஆனா, இருக்கிறவன்கிட்ட எடுத்து இல்லாதவனுக்குக் கொடுத்தவருங்க." திருநெல்வேலியிலும் இதே வசனம்தான், உசிலம்பட்டியிலும் இதே வசனம்தான், மேட்டூர் மலையடிவாரத்திலும் இதேதான். இத்தனை பேர் இப்படி அள்ளிக் கொடுத்திருந்தால் நம் ஊர்களில் ஏழை என்று ஒருத்தர் மிஞ்சியிருக்கக் கூடாது.

இந்தக் கதையை நான் நம்பவில்லை. 'இருந்துட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்' என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கதையில் அவர்களுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

துப்புக்கூலி என்று ஒன்று இருந்தது. மதுரை, நெல்லைச் சீமைகளில் ஊர்க்காவல் பார்த்தவர்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று தானியமோ காசோ அளக்க வேண்டும், அது காவல்கூலி. பாளையக்காரர் காலத்திலிருந்து வந்த உரிமை அது. வெள்ளைக்காரன் தன் போலீஸைக் கொண்டுவந்த பிறகு சட்டத்தில் அதற்கு இடமில்லை. வழக்கத்தில் மட்டும் தொடர்ந்தது. காவல்கூலி கொடுக்க மறுத்த ஊரில், அல்லது கொடுக்க முடியாமல் போன வீட்டில், ஒருநாள் விடியும்போது தொழுவம் காலியாக இருக்கும். அதுவும் மழை பெய்து உழவு தொடங்கும் நேரமாகப் பார்த்து. ஒரே ஒரு ஜோடி மாடு வைத்திருக்கும் வாரக்குடியானவன் என்ன செய்வான்? ஸ்டேஷனுக்குப் போனால் அலைச்சல்தான் மிச்சம். ஆகவே விஷயம் தெரிந்த ஒரு பெரிய மனிதரிடம் போய் நிற்பான். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, விசாரித்துப் பார்க்கிறேன் என்பார். மாட்டின் விலையில் ஒரு பங்கு கைமாறும். பிறகு, இன்ன கண்மாய்க் கரையில் போய்ப் பார் என்று சேதி வரும். போனால் மாடு அங்கே கட்டிக் கிடக்கும். திருடனும் துப்புச் சொன்னவரும் கூலியைப் பிரித்துக்கொள்வார்கள். குடியானவன் துப்புக்கூலிக்காக வாங்கிய கடனை வருஷக் கணக்கில் அடைப்பான்.

இந்தக் கணக்கில் 'இருக்கிறவன்' யார்? 1896இல் திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் குடியானவர்களும் ஆடுமாடு வைத்திருந்தவர்களும் இதைப் பொறுக்கமாட்டாமல் ஒன்றுகூடி, ஊர் ஊராகக் காசு போட்டு ஒரு பொது நிதி சேர்த்தார்கள். மாடு பறிகொடுத்தவனுக்கு அதிலிருந்து ஈடு, காவலுக்குத் தங்கள் ஆட்களே என்று ஏற்பாடு. 'பண்டு' கலவரம் என்று சரித்திரத்தில் இடம்பெற்ற கிளர்ச்சி அது. அதில் வன்முறையும் இருந்தது, ஒரு சமூகத்தையே ஊரைவிட்டு விரட்டும் ஆவேசமும் இருந்தது. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் கொள்ளைக்காரர்கள் ஏழைகளின் தோழர்களாக இருந்திருந்தால், சில்லறைக் காசு போட்டுப் பண்டு சேர்க்க வேண்டிய அவசியம் அந்த ஏழைகளுக்கு ஏன் வந்தது?

காது விஷயம் இன்னும் கொடுமை. பாம்படமும் தண்டட்டியும் வெறும் அலங்காரம் அல்ல, சம்சாரிப் பெண்களின் ஒரே சேமிப்பு. வளர்த்த காதில் தொங்குகிற பொன்னை இருட்டில் திருகு கழற்றி எடுக்க நேரம் ஏது? இழுத்தால் காதோடு வந்துவிடும். சந்தைக்குப் போய்த் திரும்பியவள், களத்துமேட்டில் காவலுக்குப் படுத்திருந்தவள், காது அறுந்து வீடு வந்தாள். ஊர் அவளை அதன் பிறகு மூளி என்றது. அறுத்தவனுக்குக் கிடைத்த பட்டம் வள்ளல்.

பணக்காரனை ஏன் அதிகம் தொடவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அவன் வீட்டில் இரும்புப் பெட்டியும் துப்பாக்கியும் இருந்தன, ஏவலாட்களும் இருந்தார்கள். அதைவிட முக்கியம், அவன் தயவு வேண்டியிருந்தது. திருடிய நகையை உருக்க ஒருவர், ஒளிய ஒரு தோப்பு, ஜாமீன் கொடுக்க ஒரு மிராசு, வழக்கு வந்தால் வக்கீலுக்குப் பணம் கட்ட ஒரு புள்ளி இல்லாமல் யாரும் பத்து வருஷம் தலைமறைவாகக் காலம் தள்ள முடியாது. வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் 1969இல் கொள்ளையரைப் பற்றி எழுதிய நூலில் 'சமூகக் கொள்ளையன்' என்ற உருவத்துக்குப் பெரும் மதிப்புக் கொடுத்தார். மூன்றே வருஷத்தில், சிசிலி நாட்டுப்புறத்தை நன்கறிந்த ஆன்டன் பிளாக் அதை மறுத்தார். கொள்ளையனைத் தாங்கிப் பிடிப்பது உள்ளூர் அதிகாரம்தான், குடியானவர்கள் தலைதூக்காமல் அடக்கிவைக்கவே அவன் பலநேரம் பயன்படுகிறான் என்பது அவர் வாதம். நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் வாசலில் நின்றுபோன எந்தக் குடியானவனுக்கும் அது தெரியும். அவன் புத்தகம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

கொடுக்கவே இல்லையா என்றால், கொடுத்தார்கள். பதுங்கிய ஊரில் ஒரு கல்யாணத்துக்கு நெல், ஒரு கோயில் கொடைக்கு ஆட்டுக்கிடா. ஊர் வாயை மூடி வைக்க ஆகும் செலவு அது. அதே ஊரில் எவனாவது போலீஸுக்குத் துப்புச் சொன்னதாகச் சந்தேகம் வந்தால் அடுத்து என்ன கொடுக்கப்படும் என்பதைப் பாட்டுக்காரர்கள் இழுத்துப் பாடுவதில்லை. பாட்டென்றதும், சந்தையில் விற்ற சிந்துப் புத்தகங்கள் நினைவுக்கு வருகின்றன. கொள்ளைக்காரன் ஜம்புலிங்கத்தைப் பற்றிய பாட்டுகள் நெல்லைச் சீமையெங்கும் ஒலித்தன. பிறகு சினிமா வந்தது: 1983இல் 'மலையூர் மம்பட்டியான்', 1994இல் 'சீவலப்பேரி பாண்டி'. தியாகராஜனும் நெப்போலியனும் நன்றாகவே நடித்தார்கள். அந்த முகங்களைத்தான் இன்று பேரன்கள் தங்கள் தாத்தாவுக்கு ஒட்டிக்கொள்கிறார்கள்.

இந்தப் பொய் பிறந்த காரணத்தை நான் அறியாதவன் அல்ல. எதிர்ப்பக்கத்தில் இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருந்தது. 1871இல் வெள்ளை அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. திருடாத மனிதனும் திருட்டுச் சாதி என்று அரசு முத்திரை குத்திய சாதியில் பிறந்ததாலேயே கைரேகை வைக்க வேண்டும், இரவில் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. வழக்காட வந்த ஜார்ஜ் ஜோசப்பை அந்த மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். இங்கே பாருங்கள், இந்த ஞாபகத்தில் ஜோடனை எதுவும் இல்லை, தேவைப்படவும் இல்லை. பிறப்பால் திருடன் என்று அரசு சொன்னால், இல்லை என்பதுதான் பதில். பிறப்பால் வள்ளல் என்று திருப்பிச் சொல்வது அரசின் வாதத்தை அப்படியே வாங்கி வர்ணம் மாற்றிப் பூசுவது. ரேகை வைத்த ஆயிரம் பேரில் பெரும்பாலோர் வானம் பார்த்த பூமியை உழுதவர்கள். அவர்களை யாரும் பேசுவதில்லை. நிஜமாகவே கொள்ளையடித்த ஒருவரைத்தான் ஃபிளெக்ஸில் போடுகிறோம்.

சந்தனக்கட்டை கடத்திய வீரப்பன் விஷயத்திலும் இதுவே நடந்துகொண்டிருக்கிறது. 2004 அக்டோபரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்து கதை வளர்ந்தபடி இருக்கிறது. காட்டோரக் கிராமத்தவர்கள் இரண்டு பக்கமும் அடிபட்டார்கள்: துப்புச் சொன்னார்கள் என்று அவரிடம், சோறு போட்டார்கள் என்று அதிரடிப்படையிடம். அவரோடு தொடர்பே இல்லாத வாச்சாத்தியில், சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்ற பெயரில் 1992 ஜூனில் வந்த வனத்துறையும் போலீஸும் 18 பெண்களைச் சீரழித்தார்கள். 2011இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. கட்டையை மொத்தமாக வாங்கிய வியாபாரிகளின் பெயர் நமக்கு எத்தனை தெரியும்?

இப்போது குடும்ப வரலாற்று மலர் போடும் வழக்கம் பெருகியிருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு ஒன்று, தாத்தாவின் நூற்றாண்டுக்கு ஒன்று. தாராளமாகப் போடுங்கள், கொள்ளைக்காரத் தாத்தாவையும் மறைக்காமல் போடுங்கள். ஆனால் வள்ளல் என்று எழுதுவதற்கு முன் பழைய வழக்குத் தீர்ப்பின் நகல் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். பறிபோன சொத்தின் விவரம் அதில் வரிசையாக இருக்கும். பித்தளைக் குடமா, வைர அட்டிகையா என்று பார்த்தால் எடுத்தது யாரிடம் என்று தெரிந்துவிடும். தீர்ப்பு கிடைக்காவிட்டால் பக்கத்து ஊருக்குப் போங்கள். மாடு பறிகொடுத்தவன் வீட்டிலும் பேரன்மார் இருக்கிறார்கள், கதை சொல்லப் பாட்டிமார் இருக்கிறார்கள். உங்கள் தாத்தாவின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி என்ன ஞாபகம் என்று கேளுங்கள். பாட்டி வைவதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு வந்து, அதையும் அந்த மலரிலேயே அச்சடியுங்கள்.