60 போட்டாலும் அங்கேதான் முறியும்

திருச்சுழியில் மாவு மில் வைத்திருக்கும் என் சித்தப்பா போன வாரம் முறிந்த சாஃப்டைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்தார். பத்து வருஷம் உழைத்த பழைய சாஃப்ட் 40 எம்.எம். அது தேய்ந்ததும் "கனமாப் போட்டாக் காலத்துக்கும் தாங்கும்" என்று 50 எம்.எம். போட்டார். ஏழே மாதம். இப்போது அவரும் லேத் பட்டறைக்காரரும் கண்ட முடிவு: "இரும்பு மட்டம். இந்தத் தடவை 60 போட்டுருவோம்."

எனக்கு வயிறு எரிகிறது. 50 எங்கே முறிந்தது? பேரிங் உட்காரும் இடம் அன்றும் 35, இன்றும் 35. 50-லிருந்து 35-க்கு இறங்கும் படியில், செங்குத்தாக வெட்டி விட்ட மூலையில் முறிந்திருக்கிறது. பெல்ட் இழுக்கும் விசை அந்த மூலையில் நெருக்கியடித்துத் திரும்புகிறது. அந்த இடத்தில் மட்டும் சுமை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும். பழைய சாஃப்டில் படி சிறியது, மூலையும் உருண்டை. கனத்தைக் கூட்டிப் படியை உயர்த்தியவர்கள் முறிவைத்தான் முன்னால் இழுத்தார்கள்.

முறிந்த முகத்தைப் பாருங்கள். கண்மாய் வற்றும்போது கரையில் பதியும் நீர்க்கோடுகள் போல, மூலையிலிருந்து உள்நோக்கி வரிவரியாக ஒரு மழமழப்பு. மிச்சம் கொஞ்சம்தான் சொரசொரப்பு. கடைசி நாளில் உடைந்தது அது மட்டுமே. நிமிடத்துக்கு 600 சுற்று. சுற்றுக்கு ஒருமுறை வளைந்து நிமிர்ந்து, மாதக்கணக்கில் விரிசல் வளர்ந்திருக்கிறது. இரும்பு மட்டமென்றால் 35-இன் நடுவில் முறிந்திருக்கலாமே? ஏன் அந்த மூலை?

1842-இல் பிரான்சில் வெர்சாய் பாதையில் ரயில் அச்சு முறிந்து 50 பேருக்கு மேல் கருகிச் செத்தபோதும் "ஓடி ஓடி இரும்பின் குணம் மாறிவிட்டது" என்றுதான் பேசினார்கள். மறு வருஷமே ராங்கின் என்ற பொறியாளர், படி மூலையை வளைவாக விடச் சொல்லி எழுதினார். அதைப் படித்துத் தேறி வரும் நம் பாலிடெக்னிக் பிள்ளைகள் இன்றும் மூலையில் ரேடியஸ் குறிக்காமல் வரைபடம் தருகிறார்கள். கரிசல் மண்ணில் கட்டிய வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடினால் திருஷ்டிப் பூசணி கட்டுகிறோம். அதுவும் மூலைதான்!

பேரிங் கம்பெனிப் பட்டியலிலேயே அந்த மூலைக்கு எவ்வளவு ரேடியஸ் விடலாம் என்று அச்சடித்திருக்கிறான். டூல் முனையைக் கிரைண்டரில் உருட்டினால் போதும், இரண்டு நிமிட வேலை. சித்தப்பாவின் 60 எம்.எம். கம்பிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அதைத் திருப்பி வாங்கத்தான் நாளைக் காலை நானும் பட்டறைக்குப் போகிறேன், முறிந்த துண்டோடு.