வாழ்த்திய டாக்டர் என்ன ஆனார்?

ஏ.எல். ராகவன் என்றதும் பலருக்கும் துள்ளலான பாட்டுகள்தான் நினைவுக்கு வரும். அந்தக் குரலுக்கு 1962இல் வந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வேறொரு வேலை கொடுத்தது: ‘எங்கிருந்தாலும் வாழ்க’. கண்ணதாசன் எழுத்து, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. காதலித்தவள் இன்னொருவர் மனைவியாகி, நோயுற்ற கணவரோடு தன் மருத்துவமனைக்கே வந்து நிற்கும்போது, கல்யாண்குமார் ஏற்ற டாக்டர் தன் வலியை ஒளித்துக்கொண்டு வாழ்த்துகிறார். ராகவன் எங்கும் விம்முவதில்லை. கேட்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

எங்கள் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்தப் பாட்டுக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை. அப்போதெல்லாம் ஊரிலிருந்து தந்தி வரும், அம்மா போய்விட்டாள் என்று. சென்னைக்குக் கப்பல் கிடைத்தாலும் மூன்று நாள் கடல்; போய்ச் சேர்வதற்குள் காரியமெல்லாம் முடிந்திருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்களோ, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள். அவர்கள் புதிதாக வேரூன்றிய அந்தத் தீவைத்தான் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மிகக் கொடூரமாகத் தாக்கியது. அதற்குப் பிறகும் கேட்டால், “இருக்கோம்ண்ணே, நல்லாத்தான் இருக்கோம்” என்பார்கள்.

இந்த அடக்கத்தைப் பொய் என்று சொல்ல என் மனம் ஒப்பாது. எதிரில் நிற்பவர் உடைந்துவிடக்கூடாது என்ற அன்புதான் அது. பாட்டு அறுபது ஆண்டுகள் தாண்டியும் நிற்பது அந்த அன்பால்தான்.

ஆனால் பாட்டைக் கொண்டாடும் நாம் படத்தின் முடிவை மறந்துவிடுகிறோம். அறுவை சிகிச்சை வெற்றி பெறுகிறது, கணவர் பிழைக்கிறார், டாக்டர் இறந்துபோகிறார். எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருந்தவரை ஸ்ரீதர் வாழவிடவில்லை. அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவரிடம் குணம் தேடி வந்தார்கள், அவரை உட்காரவைத்து “உங்களுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்க ஒருவர் இருந்திருக்கலாம்.

சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து மனநல மருத்துவர்கள் போர்ட் பிளேர் முகாம்களுக்கு வந்து செய்தது ஏறக்குறைய அதைத்தான். இன்று அதற்கு டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். தனியாக இருக்கும் பெரியவர்களின் போனில் அந்த எண்ணைப் பதிந்து கொடுங்கள்.