பிரகாரத்துப் புல்லுக்கு ஆசிட் வேண்டாம்

கருங்கல்லை ஆசிட் ஒன்றும் செய்யாது, கோயில் பிரகாரத்துப் புல்லை ஒரே நாளில் கருக்கிவிடலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுத் தளத்தையும் பலிகொடுக்கும் வாதம் இது.

கருங்கல் சட்டென்று கரையாதுதான். ஆனால் பழைய தளங்களில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இருப்பது சுண்ணாம்புச் சாந்து. ஆசிட் பட்டதும் அது நுரைத்துக் கரையும். இடுக்கு அகலமாகும், மண் சேரும், அடுத்த மழைக்குப் புல் முன்னைவிடத் தழைக்கும். கல்லிலுள்ள இரும்புச்சத்து துருநிறக் கறையாகவும் படியலாம். உப்புக் கொட்டினாலும் கேடுதான்: நுண்துளைகளில் ஊறிப் படிகமாகி மேற்பரப்பைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும்.

கையால் பிடுங்குவது நடக்காத காரியமா? மழை ஓய்ந்து மண் இளகியிருக்கும்போது இடுக்கைக் கிளறினால் அருகு வேரோடு வரும். கோரைக்குக் கிழங்கையும் தோண்ட வேண்டும். அரசங்கன்றை விரலளவிலேயே எடுத்துவிட வேண்டும். பிறகு தென்னைநார்த் தூரிகையால் தேய்த்து (கம்பித் தூரிகை கல்லைக் கீறும்), இடுக்குகளைச் சுண்ணாம்பும் மணலும் கலந்து அடைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

7ஆம் நூற்றாண்டில் அப்பர் புல் செதுக்கும் உழவாரம் ஏந்திச் செய்த தொண்டு இது. இன்றும் ஊர் ஊராக உழவாரப் பணிக் குழுக்கள் இருக்கின்றன. நிர்வாகிகளே, ஆசிட் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர்களைக் கூப்பிடுங்கள்.