செருப்பின் அடியில் ஓர் எண்

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் திருவொற்றியூரில் கூட்டம் எப்படியிருக்கும் என்பதைப் பட்டணத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மேலூர்த் திருவுடையம்மன், நடுப்பகலில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று சந்நிதிகளையும் தரிசிக்கிறவர்கள் அன்று வந்து குவிவார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். பக்தியினால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், என் பழைய நண்பர் ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். "வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது, நீர் வந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்று அவர் கூப்பிட்டிருந்தார்.

போகிற வழியில் கோயிலுக்குள்ளும் நுழைந்தேன். வாசலில் செருப்பை விட்டதும் அங்கிருந்தவர் ஒரு டோக்கனை என் கையில் திணித்தார். என் முகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. தரிசனம் முடிந்து திரும்பி டோக்கனை நீட்டினேன், செருப்பு வந்தது. அந்த ஆயிரம் ஜோடிகளுக்கு நடுவே என் செருப்பு எது என்பதை அவர் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஞாபகம் முழுவதும் அந்தச் சிறு வில்லையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்ததும் எங்கள் உறவும் முடிந்தது.

இந்த அற்ப விஷயத்தை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வானேன் என்று கேட்பீர்கள். நண்பர் வீட்டு வழக்கின் சாவி அந்த வில்லையில்தான் இருந்தது.

* * *

வழக்கு இதுதான். சில மாதங்களுக்கு முன் நண்பரின் மனைவியாருக்கு மார்பில் ஒரு சிறு கட்டி தட்டுப்பட்டது. அந்தச் சமயத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாய் திறந்தால் வீடே கலங்கிவிடும் என்று அந்த அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனம் கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் மகனுடைய போனை வாங்கி, கட்டியைப் பற்றி நாலைந்து மருத்துவத் தளங்களைத் திறந்து படித்தார். ஒவ்வொரு தளத்திலும் எழுத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நின்றது. அதில் ஆங்கிலத்தில் என்னவோ எழுதி, கீழே பெரிதாக ஒரு பொத்தான் இருந்தது. பெட்டி தொலைந்தால் போதும் என்று ஒவ்வொரு தடவையும் அதை அழுத்தினார்.

மூன்று நாள் கழித்து மகன் அதே போனில் கிரிக்கெட் விவரம் பார்க்க உட்கார்ந்தான். பக்கத்தின் ஓரத்தில் மார்பகப் பரிசோதனை நிலையம் ஒன்றின் விளம்பரம். மறுநாள் செய்தித் தளத்தில் பார்த்தால் அங்கேயும் அதே விளம்பரம். பிள்ளை யோசித்தான். போனை இடையில் வாங்கியவர் ஒருவர்தான். "அம்மா, உனக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டான். அம்மாள் அழுதுவிட்டார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பரிசோதித்ததில் அது வெறும் கொழுப்புக் கட்டி என்று தெரிந்தது. கல்யாணமும் சுபமாக நடந்தேறிற்று.

"விளம்பரம் நல்லதைத்தானே செய்தது? வேறு விதமான கட்டியாக இருந்திருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும் அல்லவா?" என்பது நண்பரின் கட்சி. மகனும் அதே கட்சி.

அம்மாளின் கட்சி வேறு. "கெடுதல் இல்லை என்று தெரிந்ததில் எனக்கும் சந்தோஷந்தான், அண்ணா. ஆனால் பெற்ற பிள்ளையிடம் அதைச் சொல்ல வேண்டியவள் நான் அல்லவா? கல்யாணம் முடிந்த மறுநாள் சொல்வதாகவே இருந்தேன். என் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தையை வேறு யாரோ சொல்லிவிட்டானே! அவன் யார்? அவனுக்கு யார் சொன்னார்கள்?"

தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்த 'யாரோ' ஒருவனை விசாரித்தாக வேண்டும்.

* * *

அவனுடைய கருவிக்குக் 'குக்கீ' என்று பெயர். தின்பண்டத்தின் பெயராயிற்றே என்று ஏமாற வேண்டாம். இணையத்தளம் ஒன்று நம்முடைய உலாவியிடம், அதாவது தளங்களைத் திறந்து காட்டும் பிரௌஸரிடம், கொடுத்து வைக்கிற சீட்டு அது. மிஞ்சிப்போனால் 4096 பைட் அளவு இருக்கும். பெரும்பாலும் அதில் எழுதியிருப்பது ஓர் அடையாள எண்தான்.

இந்தச் சீட்டு பிறந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. இணையத்துக்கு இயற்கையில் ஞாபகசக்தி கிடையாது. நாம் ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும்; அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது முன்பு கேட்டவரும் நாமேதான் என்பது அதற்குத் தெரியாது. இப்படியிருந்தால் கடை நடத்துவது எப்படி? கூடையில் புடவையைப் போட்டுவிட்டு ரவிக்கைத் துணி பார்க்கப் போனால், திரும்புவதற்குள் கூடை காலியாகிவிடுமே! 1994-ஆம் வருஷம் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த லூ மாண்டுல்லி என்ற இளைஞர் இதற்கு வழி கண்டார். கோயில் வாசல் வழிதான் அது. வந்தவர் கையில் ஒரு வில்லையைக் கொடுத்துவிடு. மறுபடி வரும்போது அவரே அதை நீட்டட்டும்.

ரெயில் டிக்கெட் வாங்குகிறோம், பாங்குக் கணக்குப் பார்க்கிறோம். பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கேட்காமல் காரியம் நடப்பதற்குக் காரணம் இந்தச் சீட்டுத்தான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மேலும் ஒரு தளம் கொடுத்த சீட்டு அந்தத் தளத்துக்கு மட்டுமே திரும்பிப் போகும் என்பது விதி. மேலூர்க் கோயில் டோக்கனைத் திருவொற்றியூரில் நீட்டினால் செருப்பு வருமா?

* * *

விதி நல்ல விதிதான். ஆனால் அதில் ஒரு சந்து இருந்தது. நாம் பார்க்கிற பக்கம் முழுவதும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஒரு தளத்தினுடையது. ஓரத்து விளம்பரம் வேறொரு கம்பெனியின் கணிப்பொறியிலிருந்து வருவது. கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளிப் படம் இன்னொரு கம்பெனியுடையதாக இருக்கும். இவர்களும் ஆளுக்கொரு சீட்டை நம்மிடம் கொடுக்கலாம். இவற்றைத்தான் மூன்றாந் தரப்புக் குக்கீகள் என்கிறார்கள்.

இதன் விளைவைத் திருவொற்றியூரிலிருந்தே பார்க்கலாம். மூன்று அம்மன் கோயில்களிலும் செருப்புக் காவலை ஒரே ஆள் குத்தகை எடுத்துவிட்டதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். அவன் வில்லை கொடுப்பதோடு நிற்காமல், உங்கள் செருப்பின் அடியில் ஓர் எண்ணையும் ஒட்டிவிடுகிறான். உங்களுக்கு அது தெரியாது. மாலையில் கொடியிடையம்மன் வாசலில் செருப்பைத் திருப்பிப் பார்த்து, 'இந்த எண் காலையில் மேலூரில் இருந்தது, மத்தியானம் திருவொற்றியூரில் இருந்தது' என்று குறித்துக்கொள்கிறான். அதே ஆள் டாக்டர் வீட்டு வாசலிலும், நகை அடகுக் கடையிலும், வக்கீல் வீட்டுத் திண்ணையிலும் குத்தகை எடுத்தால்? உங்கள் பெயர் அவனுக்குத் தெரியாமலிருக்கலாம். ஆனால் உங்கள் வாழ்க்கை அவன் பேரேட்டில் ஏறிவிடும். ஏதேனும் ஓரிடத்தில் நீங்கள் போன் நம்பரைக் கொடுத்து, அந்த இடத்தார் அதை அவனிடம் சேர்த்துவிட்டால் பெயரும் ஏறிவிடும்.

நண்பரின் மனைவியார் அழுத்திய பொத்தான் இந்தக் குத்தகைக்காரனை உள்ளே விட்டது. மருத்துவத் தளத்தில் ஒட்டிய எண்ணைக் கிரிக்கெட் தளத்தின் வாசலில் அவன் பார்த்துவிட்டான். போனை யார் வைத்திருக்கிறார் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் கவலையைப் பிள்ளையின் கண் முன்னே விரித்துவிட்டான்.

பார்த்த பிறகு அவன் செய்வது என்ன? இராயபுரத்து வாசகர்கள் காசிமேட்டில் விடிவதற்குள் நடக்கும் மீன் ஏலத்தைப் பார்த்திருப்பார்கள். நாம் ஒரு பக்கத்தைத் திறந்து அது விரிவதற்குள், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், அதைப் போலவே ஓர் ஏலம் நடந்து முடிகிறது. 'இன்ன எண், கட்டியைப் பற்றிப் படித்தவர், சென்னைவாசி, கேட்பவர் உண்டா?' அதிக விலை கேட்டவரின் விளம்பரம் நம் கண்ணில் படுகிறது. காசிமேட்டில் ஏலம் போவது மீன். இங்கே ஏலம் போவது நம்முடைய பார்வை. இரண்டு இடத்திலும் சரக்கின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

இது ஒருவருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. 1997-ஆம் வருஷமே இணையத்தின் விதிகளை வகுத்தவர்கள், மூன்றாந் தரப்புச் சீட்டுகளை உலாவிகள் தாமாக அனுமதிக்கலாகாது என்று எழுதி வைத்தார்கள். உலாவி செய்தவர்கள் கேட்கவில்லை. வெகுகாலம் கழித்து, 2020-இல் ஸஃபாரி உலாவி அவற்றை அடியோடு தடுத்தது. 2022-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் சீட்டுகளையும் தனித்தனி டப்பாவில் அடைத்தது. குரோம் உலாவியை நடத்தும் கூகிளும் 2020-இல் அவற்றை ஒழிப்பதாக வாக்களித்தது. 2024-இல் வாக்கை மாற்றிக்கொண்டது. விளம்பர வியாபாரத்தில் பெரிய கையும் அதுதான், உலாவியில் பெரிய கையும் அதுதான். குத்தகைக்காரரே காவற்காரராகவும் இருந்தால் வேறெப்படி நடக்கும்?

* * *

"பெட்டியில் சம்மதம் கேட்டார்களே!" என்றான் நண்பரின் மகன்.

கேட்டார்கள், கேட்ட விதத்தைப் பார்க்க வேண்டும். 'ஏற்கிறேன்' என்பது தாம்பாளம் அளவுக்கு இருக்கிறது. 'வேண்டாம்' என்பது மூன்று கதவுக்கு அப்பால் ஒளிந்திருக்கிறது. முன்கூட்டியே குறி போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மறுப்பதை ஏற்பதைவிடக் கடினமாக்கியதற்காகக் கூகிளுக்கு 15 கோடி யூரோவும், ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் பிரெஞ்சு அதிகாரிகள் விதித்த அபராதம் 2022 ஜனவரியில் வெளியாயிற்று.

நம் தேசமும் சும்மா இருக்கவில்லை. அந்தரங்கம் பிரஜைகளின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. சம்மதம் சுதந்திரமாகவும், விவரம் அறிந்தும், நிபந்தனை இன்றியும் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது அது. கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உட்பட 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. இவற்றுக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாதத் தவணை கொடுத்திருக்கிறார்கள். ஏட்டில் உள்ள சட்டம் வீட்டு வாசல் வரை வருவது, நாம் அதைக் கேட்கிறோமா என்பதைப் பொறுத்தது.

புதுச்சேரியில் பாரதியார் இருந்த காலத்தில் பிரிட்டிஷ் வேவுகாரர்கள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு இரத்தம் கொதிக்கிறது. அந்நியன் பின்தொடர்ந்தால் அடிமைத்தனம் என்கிறோம். வியாபாரி பின்தொடர்ந்தால் மட்டும் சௌகரியம் என்கிறோமே, அது எந்த ஊர் நியாயம்?

* * *

கடைசியில் தீர்ப்பைச் சொன்னேன். பலன் நல்லதாயிற்று என்பதால் செயல் நியாயமாகிவிடாது. தபால்காரர் நம் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, 'நல்ல செய்திதான்' என்று கொடுத்தால் ஒப்புவோமா? ஏலம் விட்டவனுக்கு அம்மாளின் உயிரில் அக்கறை இல்லை. பரிசோதனை நிலையத்தைவிட ஒரு போலி வைத்தியன் பத்துக் காசு கூடக் கேட்டிருந்தால், பிள்ளையின் கண்ணில் போலி வைத்தியன்தான் பட்டிருப்பான். அந்தப் போன் சம்பந்தி வீட்டார் கைக்கு ஒரு நாள் போயிருந்தால் கல்யாணம் என்னவாகியிருக்கும்? ஆகவே அம்மாளின் கட்சிக்கே ஜயம்.

நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இனிமேல் என்ன செய்வது?" என்று கேட்டார். வாசகர்களுக்கும் உபயோகமாகும் என்பதால் இங்கேயும் சொல்லி வைக்கிறேன். உலாவியின் அமைப்புகளில் மூன்றாந் தரப்புக் குக்கீகளைத் தடுக்க ஓர் இடம் உண்டு, அதைத் தடுத்துவிடுங்கள். பழைய சீட்டுகளை அவ்வப்போது அழித்துவிடுங்கள். உடம்பு, பணம், வழக்கு போன்ற விஷயங்களைத் தேடும்போது தனிச் சாளரத்தில் தேடுங்கள்; மூடியதும் அதில் சேர்ந்த சீட்டுகள் அழிந்துபோகும். இது முழுக் கவசம் அல்ல. சீட்டே இல்லாமல் போனின் அங்க அடையாளங்களைக் கொண்டு ஆளைக் கண்டுகொள்ளும் வித்தையும் இருக்கிறது. என்றாலும் திருடன் உண்டு என்பதற்காக வாசற்கதவைத் திறந்து போட்டா தூங்குகிறோம்?

அம்மாள் மகனிடமிருந்து போனை வாங்கி ஒரு தளத்தைத் திறந்தார். பெட்டி வந்தது. "இதில் 'வேண்டாம்' எங்கே இருக்கிறது, காட்டடா" என்றார். இருவருமாகத் தேடினார்கள்; நாலாவது தடவை அழுத்தியபோது அகப்பட்டது. "வேண்டாம் என்று சொல்ல இவ்வளவு தூரம் போக வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் அதை அழுத்தினார்.

விடைபெற்று வாசலுக்கு வந்தேன். செருப்பை மாட்டுவதற்கு முன் என்னை அறியாமல் அதைத் திருப்பி அடியைப் பார்த்தேன். திருவொற்றியூர் மண்ணைத் தவிர வேறொன்றும் ஒட்டியிருக்கவில்லை.