உப்பு எங்கே போயிற்று?

ஒரு குவளை நீரில் சில துளி மையையும் ஒரு கரண்டி உப்பையும் கலந்து, கரித்தூளின் வழியே பலமுறை வடிகட்டிப் பாருங்கள். நிறம் பெருமளவு குறைந்துவிடும். ஆனால் வடிநீரைத் தட்டில் காயவிட்டால் உப்பு வெண்மையாகப் படியும். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சிக்கலும் இதுவே. பருத்தித் துணியில் சாயம் நன்கு ஏறுவதற்காகத் தொட்டியில் உப்பைச் சேர்க்கிறார்கள். அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல்! கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறுகிறது. நுண்ணுயிரிகள் கரிமக் கழிவைச் சிதைக்கும். உப்பை ஒன்றும் செய்யமாட்டா. நொய்யல் ஆறு இவ்வாறுதான் கெட்டது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

உப்பைப் பிரிக்க உதவுவது எதிர்ச் சவ்வூடு பரவல். அழுத்தம் கொடுத்தால் நீர் மட்டும் சவ்வைக் கடக்கும். கடல்நீரிலிருந்து ஒரு லிட்டர் நன்னீர் பெற இம்முறையில் 10 முதல் 15 கிலோஜூல் ஆற்றல் போதும். கொதிநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கவோ சுமார் 2,260 கிலோஜூல் தேவை!

ஆனால் நீர் பிரியப் பிரிய எஞ்சும் கரைசல் செறிவடைகிறது. அதன் சவ்வூடு பரவல் அழுத்தமும் உயர்கிறது. ஓர் எல்லைக்குமேல் சவ்வு பயன்படாது. மீதியை ஆவியாக்க எரிபொருள் எரிய வேண்டும். ஆவியின் வெப்பத்தை அடுத்தடுத்த கலங்களில் மீண்டும் பயன்படுத்தினாலும் செலவு மிகுதிதான். முடிவில் எஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிகிறது. ஆற்றின் கேட்டைக் காற்றுக்கும் நிலத்துக்கும் மாற்றுவது தீர்வாகுமா?

மேலும் நுண்ணிய சவ்வுகளைத் தேடுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது என்பதே என் கருத்து. செறிந்த உப்புக் கரைசலின் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, அதைச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்பலாம். திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சிலவற்றில் இது நடைபெறுகிறது. எஞ்சிய மாசு துணியின் நிறத்தைக் கெடுக்குமோ என்று பட்டறைக்காரர்கள் அஞ்சுவது நியாயமே. அந்த அச்சத்தைப் போக்குவதும், குறைந்த உப்பில் ஏறும் சாயங்களைப் பரப்புவதும் அறிவியலின் கடமை.

நீங்கள் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தைக் காணச் சென்றால், வெளிவரும் நீரின் தெளிவை மட்டும் கண்டு வியந்து திரும்பாதீர்கள். உள்ளே சென்ற உப்பு எங்கே போயிற்று என்று கேளுங்கள்.